நீங்கள் பாதியில் விட்டுப்போன படம்

என் பிரியமுள்ள அத்தைக்கு,

நம் வீட்டுக்கும் வீடியோ வந்துவிட்டது. உங்கள் மகன்தான் வாங்கிவந்தார். கூடத்தில் டிவிக்குக் கீழே கறுப்பாக உட்கார்ந்திருக்கிறது. முதல் நாள் அதைத் தொடவே எனக்குக் கை வரவில்லை. "பயப்படாத, ஷாக் எல்லாம் அடிக்காது லா," என்றார். நான் பயந்தது ஷாக்குக்கு இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

உங்களிடம் சொல்கிறேன். இதைப் படிக்கிற மற்றவர்களும் கேட்டுக்கொள்ளட்டும்.

நீங்கள் கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, ஒரே மகனோடும் மருமகளான என்னோடும் ஈப்போவுக்கு வந்தீர்கள். அவர் மணல் லோரி ஓட்டப் போனார். நான் பிஸ்கட் கம்பெனியில் சேர்ந்தேன். நீங்கள் நம் புந்தோங் வீட்டில் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பேச்சே குறைந்துபோனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சும்மா வாங்களேன் என்று உங்களை டவுனுக்கு மேட்னி ஷோவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அன்றைக்கு வில்லனை நீங்கள் திட்டிய திட்டில் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். வீட்டுக்கு வருகிற வழியில் பஸ்ஸில் உங்களுக்கு வாய் ஓயவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிறு என்றால் நமக்குப் படம்தான். சோற்றை வடித்து வைத்துவிட்டு, முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு, தியேட்டர் வாசலில் ஒரு பொட்டலம் கச்சான் கடலை வாங்கிக்கொண்டு போவோம். மாமியாரும் மருமகளும் கையைக் கோத்துக்கொண்டு நடப்பதைப் பார்த்து, இது என்ன அதிசயம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

நம் வீட்டு வரிசையில் முதலில் வீடியோ வாங்கியது பக்கத்து வீட்டு மேரி அக்காதான். எதற்கு வெயிலில் அலைய வேண்டும், இங்கேயே வந்து பாருங்கள் என்று உங்களை ஆசையாகக் கூப்பிட்டார். நீங்களும் போனீர்கள். பாதியிலேயே திரும்பி வந்தீர்கள்.

"என்னா அத்தை, அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"அட போ புள்ள. அங்க ஒருத்தி புருசன் செத்துட்டான்னு மாருல அடிச்சுக்கிட்டு அழுவுறா. மேரி படத்த நிறுத்திட்டு அடுப்புல கொழம்பு பாக்கப் போயிட்டா. அந்தப் பொம்பள வாயத் தொறந்தபடியே நிக்கிறா. பாக்கவே ஒரு மாதிரியா இருந்துச்சு லா. தியேட்டருன்னா இப்படி யாராச்சும் நிறுத்த முடியுமா?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நிறுத்த முடியாது என்பது எப்பேர்ப்பட்ட பயங்கரம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அந்த ஞாயிறும் மற்ற ஞாயிறுகளைப் போலத்தான் இருந்தது. வெளிநாடு போன மகனுக்காகக் காத்திருக்கிற ஒரு தாயின் கதை. நடுநடுவே கோழி திருடுகிறவன் ஒருவனின் கூத்து. ஏர்கான் குளிர் ஊசியாய்க் குத்தியது. நீங்கள் முந்தானையைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, எப்போதும்போல என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். படம் முடிந்து விளக்கு எரிந்தது. ஜனங்கள் எழுந்து பேசிக்கொண்டே வெளியே போனார்கள். நீங்கள் தலையைச் சற்றுச் சாய்த்து உட்கார்ந்திருந்தீர்கள்.

"அத்தை, எந்திரிங்க. பஸ்ஸு போயிரும்."

கதவருகே டிக்கெட் கிழிக்கிற சீனக் கிழவர், நம்மை ஒவ்வொரு வாரமும் பார்ப்பவர், சிரித்துக்கொண்டே வந்து குனிந்தார். "ஆச்சி, சுடா ஹாபிஸ் லா," என்றார். படம் முடிந்துவிட்டது என்றுதான் அவர் மலாயில் சொன்னார். சொல்லிவிட்டு உங்கள் தோளைத் தொட்டவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். அந்தக் கையைப் பார்த்துத்தான் எனக்கு விஷயம் புரிந்தது.

ஆஸ்பத்திரியில் நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். கொஞ்ச நேரம் முன்பே போய்விட்டிருக்க வேண்டும் என்றார்கள். தலையெல்லாம் மணலோடு உங்கள் மகன் ஓடிவந்தார். அழவில்லை. என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அம்மா எப்போ போனாங்க, லெட்சுமி? நீ பக்கத்துலதானே இருந்த?"

எனக்குத் தெரியவில்லை, அத்தை. உங்கள் கை என் கைக்குள் இருந்தது. நான் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரியவில்லை என்று சொல்லக்கூட எனக்கு வாய் எழவில்லை. அவர் மறுபடி கேட்கவே இல்லை. கத்தியிருந்தால், திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கேட்காமலே இருந்ததுதான் என்னை உள்ளுக்குள் அரித்தது. ஒவ்வொரு நாளும் சோறு போடும்போது, இன்றைக்குக் கேட்டுவிடுவாரோ என்று அவர் முகத்தைப் பார்ப்பேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாகவிட்டவள் என்று மனசுக்குள் நினைக்கிறாரோ? உங்கள் மகனைப் பற்றி உங்களுக்குத்தான் தெரியுமே, எதையாவது வாய்விட்டுச் சொல்கிற மனுஷனா அவர்?

கருமாதி முடிந்து சில மாதத்தில் வீடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இனிமே யாரும் தியேட்டருக்குப் போக வேணாம். படந்தானே? வீட்டுக்கே வரும்," என்றார். அவ்வளவுதான் பேச்சு.

வீட்டில் படம் பார்ப்பதில் எத்தனையோ வசதி, அத்தை. நைட்டியோடு உட்காரலாம். பஸ்ஸுக்கு ஓட வேண்டாம். மழை பெய்தால் கவலையில்லை. ஆனால் அவர் கூடத்து விளக்கை அணைக்கவே விடமாட்டார். நானோ படத்தைப் பார்க்கவே மாட்டேன், அவரைத்தான் பார்ப்பேன். மூச்சு வருகிறதா, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். அசையாமல் உட்கார்ந்திருந்தால் ஏதாவது சாக்கில் கையைத் தொட்டுப் பார்ப்பேன். சூடாக இருந்தால்தான் எனக்கு மூச்சே வரும். "என்னா?" என்பார். "ஒண்ணுமில்லைங்க, கொசு," என்பேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மேரி அக்கா வீட்டு வீடியோ டெக் பழுதாகிவிட்டதென்று அவர்கள் எல்லோரும் நம் வீட்டுக்கு வந்தார்கள். அக்காவின் அப்பாவும் வந்திருந்தார், அந்தப் பெரியவரை உங்களுக்குத் தெரியும். ஓரத்து நாற்காலியில் அவரை உட்காரவைத்தோம். நான் எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு வந்தேன். அவர் முன்னால் நீட்டினேன். வாங்கவில்லை. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

நான் போட்ட சத்தத்தில் தட்டோடு கிளாஸ் எல்லாம் கீழே விழுந்தது. பெரியவர் தோள் இரண்டையும் பிடித்து உலுக்கினேன். "எந்திரிங்க! எந்திரிங்க ஐயா!" என்று கத்தினேன். பெரியவர் பதறிப்போய்க் கண் விழித்து, "ஏசப்பா! என்னாம்மா, வீடு பத்திக்கிச்சா?" என்றார். மேரி அக்கா சிரித்தார், எல்லோரும் சிரித்தார்கள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் மகன் சிரிக்கவில்லை. கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பொறுக்கிக்கொண்டே என்னைப் பார்த்தார். இத்தனை நாள் கொசு அடித்ததெல்லாம் என்ன என்று அவருக்கு அப்போது தெரிந்திருக்கும்.

மறு ஞாயிறு மத்தியானம் ஒரு கேசட்டோடு வந்தார். அட்டையில் இருந்த படத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அதே படம், அத்தை. அந்தத் தாய், அந்தக் கோழித் திருடன்.

"இது வேணாங்க."

"ஏன்?"

"வேணாங்க. வேற ஏதாச்சும் போடுங்க. கும்பிடுறேன்."

"எனக்குத் தெரியணும் லெட்சுமி. நீயும் தெரியாம செத்துக்கிட்டு இருக்க. உக்காரு."

ஜன்னலைச் சாத்தினார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக விளக்கையும் அணைத்தார். நான் எதிர்பார்த்துப் பயந்த விசாரணை கடைசியில் வந்துவிட்டது என்று நினைத்தேன். ஓடிப்போய் மேரி அக்கா வீட்டில் உட்கார்ந்துகொள்ளலாமா என்றுகூடத் தோன்றியது.

படம் ஓடியது. கோழித் திருடன் கூடைக்குள் ஒளிந்துகொண்டு சேவலைப்போல் கூவினான். "இங்க அத்தை சிரிச்சாங்க," என்றேன். அவர் நிறுத்தினார், பின்னால் ஓட்டினார், மறுபடி பார்த்தார். "எப்படி சிரிச்சாங்க?" என்றார்.

"தொடையத் தட்டிக்கிட்டு. கச்சான் பொட்டலம் கீழ விழுந்துருச்சு."

அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. அப்படியே போனோம். இந்த இடத்தில், பாவி உருப்படுவானா என்று பண்ணையாரைத் திட்டினீர்கள். இந்தப் பாட்டுக்குக் காலால் தாளம் போட்டீர்கள். இங்கே முந்தானையை இழுத்துப் போர்த்தினீர்கள். தபால்காரன் வெறுங்கையோடு போகும்போது, "அய்யோ, இன்னிக்கும் இல்லையா," என்று சொன்னீர்கள்.

அதற்குப் பிறகு எனக்கு உங்கள் குரல் நினைவில் இல்லை.

"இதுக்கப்புறம் தெரியலங்க," என்றேன். அவர் படத்தை நிறுத்தவில்லை. திரையில் ஒரு பெரிய சண்டை. அடியும் உதையும், கண்ணாடி உடைகிற சத்தமும். அந்தச் சத்தத்தைக் கேட்டதும்தான் அவர் உடைந்தார். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

"இவ்ளோ சத்தம் லெட்சுமி! அம்மா என்னைக் கூப்புட்டிருந்தா? வலிக்குதுன்னு சொல்லியிருந்தா? யாருக்குக் கேட்டிருக்கும்?"

இதுதான், அத்தை. இத்தனை நாளாக அவர் கேட்காமல் வைத்திருந்தது இதைத்தான். என்மேல் கோபமே இல்லை அவருக்கு. நான் ஒரு மூலையில் உட்கார்ந்து ஒன்றுக்குப் பயந்தேன், அவர் இன்னொரு மூலையில் உட்கார்ந்து வேறொன்றுக்குப் பயந்துகொண்டிருந்தார்.

"கேட்டிருக்காதுங்க," என்றேன். பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "ஆனா கை எங்கிட்டதானே இருந்துச்சு. வில்லன் வந்தாலே என் விரல நொறுக்கிடுவாங்க. வலிச்சிருந்தா இறுக்கியிருக்க மாட்டாங்களா? இறுக்கலங்க. தூங்குற புள்ள கை மாதிரி லேசா இருந்துச்சு. எனக்கு அது மட்டும் நல்லாத் தெரியும்."

அவர் என் கையை எடுத்துத் தன் கண்ணில் வைத்துக்கொண்டு அழுதார். ஆஸ்பத்திரியில் அழாததையும் சேர்த்து அழுதார்.

பிறகு நீங்கள் பார்க்காமல் விட்ட மிச்சத்தை இருவரும் பார்த்தோம். உங்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? மகன் திரும்பி வந்துவிடுகிறான், அத்தை. மீசையெல்லாம் வைத்துக்கொண்டு ஆளே மாறி வருகிறான். அந்தத் தாய்க்கு அடையாளம் தெரியவில்லை, யார் நீங்கள் என்று கேட்கிறாள். அவன் பசிக்கிறது என்று சொன்னதும் கண்டுபிடித்துவிடுகிறாள். இதைப் பார்த்திருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? படம் முடிந்ததும் அவர் கேசட்டை எடுத்து வைத்துவிட்டு, "இங்க சிரிக்கிறதுக்கு யாருமே இல்லை," என்றார். என் பக்கம் திரும்பி, "அடுத்த வாரம் தியேட்டருக்குப் போலாமா?" என்றார்.

சரி என்று சொல்ல எனக்கு நாலு நாள் ஆனது. போன ஞாயிறு போனோம். அந்தச் சீனக் கிழவர் என்னைப் பார்த்ததும் டிக்கெட்டை வாங்கினார், கிழிக்காமலே திருப்பிக் கொடுத்தார். விளக்கு அணைந்ததும் எனக்கு எழுந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது. எங்களுக்கு முன்வரிசையில் வெள்ளைக் கொண்டையோடு ஓர் அம்மா, அசையாமல் உட்கார்ந்திருந்தார். நான் திரையைப் பார்க்கவில்லை. அந்தக் கொண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அசையுங்கள், அசையுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். உங்கள் மகனும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை என் கைக்குள் இருந்தது.

திரையில் யாரோ வழுக்கி விழுந்தார்கள். தியேட்டரே சிரித்தது. அந்த அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், கொண்டை அவிழ்ந்து தோளில் விழுந்தது. என் பக்கத்தில் இன்னொரு சத்தம் கேட்டது. திரும்பினேன். நீங்கள் போனதிலிருந்து கேட்காத சத்தம் அது, அத்தை. உங்கள் மகனும் சிரித்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். நாளைக்கும் ஞாயிறுதான். ஆனாலும் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். வீடியோ அது பாட்டுக்கு இருக்கட்டும், மழைக்கும் காய்ச்சலுக்கும் உதவும். உங்கள் பிள்ளையை அதன் முன்னால் தனியாக உட்காரவிட மாட்டேன். நாலு பேர் சிரிக்கிற இடத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போவேன். இருட்டில் அவர் கை இறுகினாலும் சரி, லேசானாலும் சரி, உடனே திரும்பி அவர் முகத்தைப் பார்ப்பேன். படம் போனால் போகட்டும்.

உங்கள் மகனோடு புந்தோங்கில் இருக்கும்
உங்கள் மருமகள்,
லெட்சுமி