அண்ணியின் பக்கத்துக்குப் போன படங்கள்

பிப்ரவரி 4

தையல் வகுப்பில் ஒருத்தி சொன்னாள்: "அக்கா, உங்க வலைப்பக்கம் திறக்கறதுக்குள்ள நான் ஒரு சட்டைக்குப் பட்டனே வச்சு முடிச்சிடுவேன்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே திறந்தேன். இருபத்திரண்டு விநாடி. ஆறு வருஷமாக துணி வெட்டும் அளவோடு நான் கையால் வரைந்த படங்கள் இருக்கிற பக்கம். யார் அவ்வளவு நேரம் காத்திருப்பார்கள்?

பிப்ரவரி 7

நூற்றுப் பதினெட்டுப் படங்களையும் சுருக்கி ஏற்றினேன். ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்த விளம்பரத்தையும் தூக்கினேன். பத்தொன்பது விநாடி. அவ்வளவுதான்.

பிப்ரவரி 9

என் வலைப்பக்கத்தை வைத்திருக்கிற சர்வர் கம்பெனிக்குப் போன் செய்தேன். எடுத்தவர் பொறுமைசாலி. "மேடம், குறை உங்க பக்கத்துல இல்ல. வேற ஒரு தளம் உங்க படங்கள உங்க சர்வர்லேருந்தே நேரா காட்டுது. அங்க யார் பார்த்தாலும் பாரம் உங்களுக்குத்தான்." அந்தத் தளத்தின் முகவரியைச் சொன்னார்.

அண்ணி.

என் வகுப்பில் மூன்று மாதம் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கக் கற்றவள். 'என் சொந்த முறை' என்று மேலே எழுதியிருக்கிறாள். திருடினதுதான் திருடின, தூக்கிட்டுப் போய் உன் இடத்துல வைக்கக்கூடவா சோம்பல்?

பிப்ரவரி 10

அண்ணனிடம் சொன்னேன். "குடும்பத்துக்குள்ள உன்னது என்னதுன்னு என்ன? பெருசு பண்ணாத."

சரிண்ணா. சின்னதாவே பண்றேன்.

பிப்ரவரி 11

அண்ணியின் தளத்துக்குப் படம் போகாமல் நிறுத்த வழி சொன்னார் சர்வர்காரர். "அங்க மட்டும் வேற படம் போக வைக்கலாமா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "முடியும்" என்றார்.

சட்டைப் படத்தைத் திரும்ப வரைந்தேன், அக்குள் சுற்றளவில் ஒன்றரை அங்குலம் குறைத்து. அதே பேனா, அதே கையெழுத்து. கைப்பழக்கத்தில் மூலையில் என் தளத்தின் பெயர்கூட. அண்ணியின் தளத்துக்கு மட்டும் அது போகிறது.

பிப்ரவரி 20

அண்ணியின் பக்கத்தில் வரிசையாகக் கேள்விகள். 'கை இறுக்குதே.' 'துணி வீணாப்போச்சு.' எல்லாருக்கும் அவள் 'நிதானமாகத் தையுங்கள்' என்று எழுதியிருக்கிறாள். வயிறு குளிர மூன்று தடவை படித்தேன்.

பிப்ரவரி 23

முன்பின் தெரியாத ஒரு அம்மா எழுதியிருக்கிறாள். அண்ணியின் பக்கத்தைப் பார்த்துத் தைத்தாளாம். படத்தின் மூலையில் என் தளத்தின் பெயரைப் பார்த்து என்னிடம் கேட்கிறாள். மகள் முதல் நாள் வேலைக்குப் போட்டுப் போன வெள்ளைச் சட்டை. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கியதும் அக்குளில் கிழிந்திருக்கிறது. நாள் முழுக்கக் கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டே வேலை பார்த்தாளாம்.

'நீங்க போட்ட அளவுதான் வெட்டினேன். எங்க தப்பு பண்ணேன் அக்கா?'

யாரை அடிக்கப் போய் — அந்தப் பொண்ணு உனக்கு என்னடி பண்ணா?

பிப்ரவரி 24

பொய்ப் படத்தை அழித்தேன். அண்ணியின் தளத்துக்கு இனி எந்தப் படமும் போகாது. அங்கே கேள்வி கேட்டிருந்தவர்களுக்கெல்லாம் சரியான அளவை நானே எழுதினேன். என் பக்கம் இரண்டு விநாடியில் திறக்கிறது.

மாலையில் அண்ணி கூப்பிட்டாள். "படமெல்லாம் காணோம். நீ ஏதாவது பண்ணியா?"

"பண்ணேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

நீ கேட்டிருக்கலாம்ல என்று சொல்லிவிட்டு வைத்தேன். ஜெயித்துவிட்டேன்தானே?

மார்ச் 2

அந்த அம்மாவை வரச் சொல்லி, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவள் மகளுக்காக நானே புதிதாகத் தைத்த சட்டையை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். பையிலிருந்து தன் டேப்பை எடுத்துச் சட்டையின் அக்குளை அளந்தாள். பிறகு மறுபடியும். டேப் நழுவியது. மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன்.