சம்பந்தி மடியில் வந்த டிரெஸ்ஸிங்

அன்புள்ள மகன் கர்ட்டுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், அவருடைய முழங்கால் மட்டும் குளிர் வருவதற்கு முன்பே புலம்ப ஆரம்பித்துவிட்டது. நீ கொரியாவில் ராணுவ முகாம் சாப்பாட்டில் இளைத்துப் போகாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன், இளைத்திருந்தாலும் சொல்லமாட்டாய். போனில் கேட்டால் எல்லாம் நல்லா இருக்கும்மா என்று வாயை அடைத்துவிடுகிறாய், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், இதை நடுவில் துண்டிக்க முடியாது பார்.

நன்றி கூறும் நாள் வான்கோழி விருந்து நல்லபடியாக முடிந்தது, யாரும் யாரையும் அடிக்கவில்லை. கீலி நலம், வயிற்றில் பிள்ளை நன்றாக உதைக்கிறது. பிப்ரவரிப் பிரசவத்துக்கு இங்கே பென்சில்வேனியாவில் நம் வீட்டில் இருப்பதா அலபாமாவில் அவள் அம்மா வீட்டிலேயே இருப்பதா என்று பண்டிகைச் சாப்பாடு முடிந்ததும் சொல்கிறேன் என்று உன் மனைவி சொல்லியிருந்தாளே, அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் அக்டோபரிலேயே உன் அறைக்கு மஞ்சள் வண்ணம் அடித்து வைத்திருந்தேன். உனக்கோ லீவு இல்லை. நீ வராத வீட்டில் உன் பிள்ளையாவது அழட்டுமே என்ற ஆசை எனக்கு, இதில் என்ன தப்பு.

சம்பந்தியம்மாள் நெல்டா, கீலியோடு விமானத்தில் வந்து இறங்கும்போதே மடியில் ஒரு கண்ணாடித் தட்டு, வான்கோழியோடு வைக்க சோள ரொட்டியை உதிர்த்துச் செய்தது, நாம் ஃபில்லிங் என்பதை அவர்கள் டிரெஸ்ஸிங் என்பார்கள். அலபாமாவிலிருந்து அதைக் கீழே வைக்கவே இல்லையாம், பிள்ளைத்தாச்சி பெண் பெட்டியைத் தூக்கினாளா என்று நான் கேட்கவில்லை. "டிரெஸ்ஸிங்க எங்கங்க வெக்கறது" என்றார். நானும் மரியாதையாக, "ஃபில்லிங் பக்கத்துல எடம் இருக்கு, வெச்சுக்குங்க" என்றேன். என் தட்டை எட்டிப் பார்த்தார். உருளைக்கிழங்கை வெண்ணெயோடு மசித்து, ரொட்டித் துண்டும் செலரித் தண்டும் வெங்காயமும் வதக்கிப் போட்டு, முட்டை ஊற்றி, மேலே முறுகலாக வேகவைத்த ஃபில்லிங், நீ சட்டியைச் சுரண்டித் தின்பாயே அதேதான். "மசிச்ச கெழங்கா, நல்லதுங்க, டிரெஸ்ஸிங்குக்குத் தொட்டுக்க ஆகும்" என்றார். நான் வாயே திறக்கவில்லை. எங்கள் பக்கத்தில் வான்கோழியோடு வைப்பது இதுதான், சோளத்தைக் கோழிக்குப் போடுவோம் என்று மட்டும் சொன்னேன். அதற்குப் போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவர் மனம் கோணக்கூடாதென்று சர்க்கரை போட்டு நானே ஒரு சோள ரொட்டி வேறு சுட்டு வைத்திருந்தேன், ஒரு விள்ளல் வாயில் போட்டுவிட்டு, "இது கேக்குங்க, சாப்பாடு முடிஞ்சு எடுத்துக்கறேன்" என்றார்.

உன் லோயிஸ் அத்தையின் கணவர் டட்லி சும்மா இருப்பாரா. பாஸ்டனில் பிறந்தவர், அங்கே இதையே ஸ்டஃபிங் என்று வான்கோழிக்குள் அடைப்பார்கள், வான்கோழி விஷயத்தில் தீர்ப்பு சொல்லப் பிறந்தவர். "பறவ வயித்துக்குள்ள வேகாதது எதுவும் ஸ்டஃபிங் இல்ல, நீங்க ரெண்டு பேரும் வெச்சிருக்கறது நனஞ்ச ரொட்டி" என்றார். நெல்டாவும் நானும் அன்றைக்கு முதல்முறையாக ஒருவரை ஒருவர் அன்போடு பார்த்துக்கொண்டது அப்போதுதான். உன் அப்பா கோழை, இரண்டிலும் ஒரே அளவு போட்டுக்கொண்டு தலை நிமிராமல் தின்றார்.

கீலியின் தட்டில் ஒரு கரண்டி என்னுடையது, ஒரு கரண்டி அவள் அம்மாவுடையது. முள்கரண்டி எந்தப் பக்கம் போகிறதோ அந்த வீட்டில்தான் பிள்ளை பிறக்கும் என்பதுபோல் நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். அது எந்தப் பக்கமும் போகவில்லை. அந்தப் பெண் பொலபொலவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். என்ன கண்ணு என்று இரண்டு பேரும் பதற, "எனக்கு ரெண்டும் வேணாம், கர்ட் பண்ணித் தருவாரே அந்த டப்பா ஸ்டஃபிங்தான் வேணும்" என்கிறாள். கர்ட், வெந்நீரை ஊற்றி மூடிவைக்கும் அந்த அட்டைப்பெட்டித் தூளையா நீ கட்டிய பெண்டாட்டிக்குப் போட்டாய். உன்னை வளர்த்த லட்சணம் சம்பந்தி முன்னால் சந்தி சிரித்தது. டட்லி வேறு, "டப்பாவுல கூட ஸ்டஃபிங்னுதானே போட்டிருக்கான்" என்று பூரித்துப் போனார்.

அதைவிடக் கேள். பண்டிகை நாளில் எந்தக் கடை திறந்திருக்கும் என்று நான் கையைப் பிசைய, உன் அப்பா எழுந்து நிலவறைக்குப் போய் பெயிண்ட் டின்களுக்குப் பின்னாலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வந்தார். நான் என் தங்கை வீட்டுக்குப் போகும் நாட்களில் பண்ணித் தின்பாராம். அந்தப் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். வெறும் தூளை எப்படிக் கொடுப்பது என்று நான் கொஞ்சம் செலரி போட்டேன், நான் திரும்பிய நேரம் நெல்டா தன் டிரெஸ்ஸிங்கில் போடும் சேஜ் என்ற வாசனை இலையைக் கிள்ளிப் போட்டிருக்கிறார். கீலி ஒரு வாய் வைத்தாள், "ரெண்டு பேரும் இதுல என்ன போட்டீங்க" என்று தட்டைத் தள்ளிவிட்டாள். உன் அப்பா மறுபடி நிலவறைக்குப் போனார்.

இரண்டாவது டப்பாவைக் கீலியே செய்து முழுவதையும் தின்றாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "அத்தே, கோவிச்சுக்காதீங்க, வலி எடுக்கும்போது எங்கம்மா பக்கத்துல இருக்கணும், நான் அலபாமாவுலயே இருக்கேன்" என்றாள். உன்னைப் பெற்றபோது நானும் என் அம்மாவைத்தான் கூப்பிட்டேன், அவளிடம் என்ன நியாயம் பேச முடியும். ஆனால் வலித்தது, மறைக்கமாட்டேன். பாத்திரம் கழுவும் சாக்கில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். நெல்டா துடைக்கும் துணியோடு பக்கத்தில் வந்து நின்றார். "பிப்ரவரி பூரா நீங்களும் வந்து இருங்க, ரூம் இருக்கு. ஆனா என் அடுப்புல கெழங்கு ஏத்தக்கூடாது" என்றார்.

ஆகவே ஜனவரி கடைசியில் கிளம்புகிறேன். உன் அப்பா நிலவறையோடு சந்தோஷமாக இருப்பார். நீ வெறும் வயிற்றில் காபி குடிக்காதே, காலுறையை ஈரமாகப் போடாதே, கீலிக்கு வாரம் தவறாமல் போன் செய், அந்த டப்பா விஷயம் மட்டும் நம் சர்ச்சில் யாருக்கும் தெரியவேண்டாம். கர்த்தர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், உன் பிள்ளைக்கு உன் அப்பாவின் பொறுமையும் என் வாயும் அமையட்டும். எனக்காகக் கவலைப்படாதே, அங்கே போய்ச் சண்டை போடமாட்டேன். நெல்டா எதை நீட்டினாலும் வாங்கித் தின்பேன், டிரெஸ்ஸிங் பிரமாதம் என்று அந்தப் பெயரையே சொல்லிப் புகழ்வேன், பேரப்பிள்ளையை என் கையில் கொடுக்கும்வரைக்கும்.

உன் அன்பு அம்மா,
ஆர்லீன் ரைனர்ட்