சிவப்புத் துண்டு கட்டின தடிகள்

என்ர ஆசைப் பெரியக்கா,

ஆரோடயாவது சண்டை பிடிக்க வேணும் போல இருக்கு. உங்களைத் தவிர ஒருத்தரும் நான் சொல்லுறதை முழுசாக் கேக்கமாட்டினம். நெருப்புக்காய்ச்சலில நீங்கள் போய் ஒரு வருசம் தாண்டீட்டுது. இப்ப உங்கட பேரிலயே ஊரில ஒரு பிழை நடக்குது. அதைத் தொடக்கி வைச்சது நான். நிப்பாட்ட ஏலாமல் நோர்வேயில, ரொம்சோஸ் வீட்டில இருந்து பல்லைக் கடிச்சுக்கொண்டு எழுதுறன்.

சண்டை நிண்டு பாதை திறந்த பிறகு நீங்கள் அனுப்பின படம் நினைவிருக்கோ? ஆத்தங்கரைத் தரவை, மரமில்லாத புல்வெளி, சித்திரை வெய்யில், தண்ணியில்லாமல் ஆறு முழுக்க மணல். நீங்கள் சைக்கிளைப் புல்லில சரிச்சுப் போட்டிட்டு, சிவப்புச் சீலைத் துண்டு கட்டின ஒரு தடிக்குப் பக்கத்தில குந்திக்கொண்டு சிரிக்கிறீங்கள். மாட்டு டொக்டராப் பட்டி பட்டியாத் திரியிற மனிசி, இடையில மரக்கண்டும் நடுறா எண்டு நினைச்சனான். கிழமைக்கொருக்கா ரெலிபோன் எடுத்து வெய்யில், காய்ச்சல், காணி எல்லாம் விசாரிச்சன். அந்தத் தடி என்னத்துக்கு எண்டு மட்டும் கேக்கேல்லை.

உங்கட ஆண்டுத் திவசம் முடிய, இஞ்சை பள்ளிக்கூட மண்டபத்தில எங்கட ஊர்ச் சங்கம் கூடினது. "பிள்ளையின்ர பேரில ஊருக்கு ஏதும் செய்ய வேணும்" எண்டார் தலைவர் பரமண்ணை. நான்தான் முதல் எழும்பினது. படத்தைத் தூக்கிக் காட்டி, "அக்காவுக்கு மரம் எண்டா உயிர். அந்தத் தரவை முழுக்க மரம் நடுவம்" எண்டன். எல்லாரும் கை தட்டினவை. குழி வெட்டப்போற இடமெல்லாம் தடி நட்டு, அக்கா கட்டின மாதிரியே சிவப்புத் துண்டு கட்டவேணும் எண்டதும் என்ர யோசினைதான். பதினேழு வருசமா இஞ்சை யன்னலைத் திறந்தாக் காடு. காடு இருந்தாத்தான் இயற்கை எண்டு என்ர மண்டைக்குள்ள எப்ப ஏறினது, அக்கா?

போன மாதம் ஊரில மாட்டுப் பட்டி வைச்சிருக்கிற இராசனுக்கு ரெலிபோன் எடுத்து, வேலை எப்பிடிப் போகுது எண்டு கேட்டன்.

"அண்ணை, டொக்டரக்கா ஆட்காட்டிக் குருவியின்ர முட்டை கண்ட இடத்திலதான் தடி நடுறவ. சிவப்பைக் கண்டா நாங்கள் மாட்டை விலத்தி ஓட்டுவம். இப்ப தரவை முழுக்கச் சிவப்பு. எது முட்டை, எது குழி எண்டு எங்களுக்கே தெரியேல்லை. ரெண்டு கூடு மண்வெட்டியோட போயிட்டுது."

இராசன் விடாமல் சொல்லிக்கொண்டு போனான். மரம் வந்தாக் காகம் வந்து குந்தும், பிறகு வெறும் நிலத்தில முட்டையிடுற குருவி ஒண்டும் மிஞ்சாதாம். மாரியில ஆறு மேவிப் பாயிற அந்தப் புல்லை நம்பித்தான் மானும் முயலும் மாடும் கிடக்குதாம். இதெல்லாம் உங்களிட்டைக் கேட்டுத் தெரிஞ்சிருக்க வேண்டிய கதை.

அடுத்த கூட்டத்தில எழும்பி, "நான் சொன்னது பிழை, நிப்பாட்டுவம்" எண்டன். பரமண்ணைக்குச் சிரிப்பு.

"தம்பி, அது வெறும் வெளி. மரம் நடுறதுக்கும் எதிர்ப்போ? அதுவும் கூடப்பிறந்த தம்பி?"

"அண்ணை, போன கோடையில இஞ்சை ஃபியோர்டுக் கடலில தீவு பாக்கப் போனனாங்கள். கடல் பறவை முட்டையிடுற காலம், இறங்கக் கூடாது எண்டு பலகை போட்டிருந்தது. இறங்கின பிள்ளையளைப் பேசித் திருப்பி வள்ளத்தில ஏத்தினது நீங்கள்தானே?"

"அது நோர்வேச் சட்டம் தம்பி. இது எங்கட ஊர்."

பிறகு, உங்கட பேரில பலகை அடிச்சாச்சு, மாரி தொடங்கக் கண்டுகள் வந்திறங்கும் எண்டார். வந்த விசருக்குத் தேத்தண்ணியும் குடிக்காமல் எழும்பி வந்திட்டன். இந்த நாட்டில குருவிக்குக் காவல் நிக்கிற மனிசருக்கு ஊரில குருவி ஏன் கண்ணில படுதில்லை? எனக்கும்தானே படேல்லை. அதுதான் கூடக் கோபம்.

வீட்டில என்ர மனிசி வசந்தி ஒரே வசனத்தில முடிச்சிட்டா. "நீங்கள்தானே தொடக்கினது, நீங்களே போய் நிப்பாட்டுங்கோ." மச்சாளை உங்களுக்குத் தெரியும்தானே, சுத்தி வளைச்சுக் கதைக்கத் தெரியாது. நான் வேலை செய்யிற பார்ணஹாகன் பாலர் பள்ளியில, குஞ்சுப் பிள்ளையளிட்டைப் போயிட்டு வாறன் எண்டு சொல்லி, லீவும் எடுத்தாச்சு.

மாரிக்கு முன்னம் வாறன், அக்கா. முட்டை இருக்கோ எண்டு பாத்துப் பாத்துத்தான் கால் வைப்பன். இராசன் காட்டக் காட்டக் குழித் தடி ஒவ்வொண்டாப் பிடுங்குவன், பலகையில இருந்து உங்கட பேரையும் எடுப்பிப்பன். சங்கம் என்னை ஊர்த் துரோகி எண்டு சொல்லும், சொல்லட்டும். அதையும் மீறி அவையள் கண்டை நட்டால் என்ன செய்யிறது எண்டு எனக்கு இன்னும் தெரியாது. ஒண்டு மட்டும் உங்களுக்குச் சத்தியம் பண்ணித் தாறன். வாற சித்திரையில அந்தத் தரவையில எத்தினை சிவப்புத் துண்டு ஆடுதோ, அத்தினைக்கும் பக்கத்தில முட்டை இருக்கும்.

மரம் நடுவம் எண்டு முதல் எழும்பின,
உங்கட தம்பி சந்திரன்