நெவிலைக் கேட்டு வாங்கின பீர்க் குழாய்

டார்சி,

நான் வேலைக்குக் கிளம்பிட்டேன். சனிக்கிழமையும் அதுவுமா யார் வீட்லயோ பைப் உடைஞ்சு சமையலறையெல்லாம் தண்ணியாம். மத்தியானம் டிவில ஃபுட்டி மேட்ச் பாக்க உங்கப்பா வர்றார். சாசேஜ் ஃப்ரீஸர்ல இருக்கு, இப்பவே எடுத்து வெளிய வை.

ஷெட்ல பீப்பாய் வச்சிருக்கிற பீர் ஃப்ரிட்ஜுக்கு வேற குழாய் மாட்டிட்டேன். நேத்து நீ பிளையரால இழுத்து, மூட முடியாம, பாதிப் பீப்பாயைத் தரைக்குக் குடிக்கக் கொடுத்தியே, அந்தப் பளபளப்பு சனியன் குப்பைத் தொட்டில கிடக்கு. மேல முலாம், உள்ள வெறும் பித்தளை. பீரை நிறுத்துற வாஷர் அதுல பின்னாடி இருக்கு. ஊத்தினப்புறம் மிச்சம் குழாய் வாய்க்குள்ளயே காஞ்சு பசையா ஒட்டிக்குது, அதான் இழுக்க வரல. புதுசு முழுக்க எவர்சில்வர், பீரை நுனியிலயே நிறுத்திடும். ஒத்த விரலால இழுத்தாப் போதும். பிளையரைத் தொட்டே, தொலைஞ்சே!

நேத்து நான் கத்தினது பீருக்காக இல்லப்பா. ஊருக்கெல்லாம் குழாய் மாட்டுறவ உன் பக்கத்துலயே படுத்திருக்கா. நீ போய் அடுத்த வீட்டு நெவில்கிட்ட, "எந்தக் குழாய்டா நல்லாருக்கும்?"னு கேக்குற. அவன் மீன் கடை வச்சிருக்கான், டார்சி!

நாயை உள்ள விடாதே, ஷெட் தரை இன்னும் ஒட்டுது.

மெரடித்

பி.கு: உன் பழைய கிரிக்கெட் மட்டையிலேருந்து செதுக்கின குழாய்க் கைப்பிடியைத் தூக்கிப் போடல. புதுக் குழாய்லயும் அதுதான் இருக்கு.

இன்னும் ஒண்ணு: உங்கப்பா "யார் மாட்டினது?"ன்னு கேட்டா நீன்னே சொல்லிக்கோ. நெவில் கேட்டா மட்டும் என் பேரைச் சொல்லணும்.