கவிச்சி ஆகாது என்றேன்

அக்கா,

இன்று காலை பக்கத்து வீட்டிலிருந்து நொய்க்கஞ்சி கொதிக்கிற வாசனை வந்தது. அவர்கள் வீட்டுப் பெரியவருக்கு முந்தாநாள்தான் முதல் கீமோ. மருமகள் வேலியோரம் நின்று, "கவிச்சி ஆவாது இல்ல, அத்த?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆஸ்பத்திரில கேட்டியா? கேக்காம நீயே நிறுத்துவியா?" என்று கத்திவிட்டேன். பாவம், மிரண்டு போனாள்.

உனக்கு மார்பில் கட்டி என்று தெரிந்த அன்றே நான் நம் வீட்டில் சட்டம் போட்டேன். மீன் தின்றால் கட்டி பெருக்கும், புண் ஆறாது என்று குப்பத்தில் எல்லோரும் சொன்னார்கள். டாக்டரிடம் கேட்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. காலையில் கஞ்சி, மதியம் ரசஞ்சோறு, ராத்திரிக்கு மறுபடி கஞ்சி. பழவேற்காடு மார்க்கெட்டில் உன் வாய்க்குப் பயந்தே பாதிப்பேர் பேரம் பேசாமல் மீன் வாங்கிப் போவார்கள். அந்த வாய் என்னிடம் மட்டும் எதிர்த்துப் பேசவில்லை.

மூன்றாவது கீமோவுக்குப் போனபோது எடை பார்த்தார்கள். இந்த உடம்பு தாங்காது, கொஞ்சம் தேறட்டும் என்று டாக்டர் ஊசியைத் தள்ளிவைத்தார். சாப்பாட்டு விவரம் சொல்லும் அம்மாவிடம் நம்மை அனுப்பினார்கள். நான் பெருமையாகச் சொன்னேன்: "கவிச்சியே கண்ணுல காட்லம்மா."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எந்த ஊரு நீங்க?"

"லைட்ஹவுஸ் குப்பம்."

"கடல் பக்கத்துல இருந்துக்கிட்டு மீனை நிறுத்திட்டீங்களா? நல்லா வேகவெச்ச மீன், முட்டை, பருப்பு, இதெல்லாம்தாம்மா இப்ப இவங்களுக்கு வேணும்."

அதற்குமேல் என் காதில் எதுவும் ஏறவில்லை.

திரும்பும் பஸ் பொன்னேரியைத் தாண்டியது. நீதான் என் தொடையில் தட்டி, "எனுக்கு மட்டும் தெரியுமா இன்னா? வுடுடி" என்றாய்.

அன்று சாயங்காலமே காரமில்லாமல் கெழங்கா மீன் குழம்பு வைத்து, முள் எடுத்து ஊட்டினேன். "இரும்பு மாரி கீதுடி" என்று முகம் சுளித்தாய். மருந்து உன் நாக்கைக் கெடுத்திருந்தது. ஆனாலும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தட்டைக் காலி செய்தாய். மெல்ல எடை ஏறியது, ஊசியும் போட்டார்கள். ஆனால் அதற்குள் நோய் ஈரலுக்குப் போயிருந்தது. நீ போனபிறகு, கஞ்சியால் இப்படி ஆகவில்லை, உங்கள் மேல் தப்பில்லை என்று டாக்டர் சொன்னார். சில நாள் அதை நம்புகிறேன்.

ஒன்றை மட்டும் என்னால் இறக்கிவைக்க முடியவில்லை. இரண்டாவது கீமோ முடிந்த நாலாம் நாள். எதைப் பார்த்தாலும் குமட்டிக்கொண்டிருந்த உனக்கு அன்றுதான் பசித்திருக்கிறது. பிள்ளைகளுக்கு வறுத்து வைத்திருந்த மீனில் ஒரு துண்டை எடுத்து வாய்வரை கொண்டுபோய்விட்டாய். நான் ஓங்கி உன் கையில் அடித்தேன். துண்டு மண்ணில் விழுந்தது. நீ திரும்பிக்கொண்டாய்.

திரும்பி நின்று, நான் பார்க்கவில்லை என்று நினைத்து, அந்த விரலை நக்கினாய் அக்கா. நான் பார்த்தேன்.