நெத்திலிக் கூட்டத்தின் நடுவில் இறங்கியவனுக்கு

இன்று உத்திரமேரூர் சந்தையில் ஒருத்தி நெத்திலிக் கருவாட்டு மூட்டையைப் பிரித்தாள். வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். "இன்னாம்மா, மயக்கமா கீதா?" என்று கேட்டாள். செத்துப்போன புருஷனை மனசுக்குள் திட்டிக்கொண்டிருக்கிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

கருவாடு ஏற்ற மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டு எங்கள் குப்பத்துக்கு வந்தவன் நீ. மூட்டைகள் போதாதென்று என்னையும் கட்டிக்கொண்டு போனாய். உன் வயல்காட்டு ஊரில் கடலை நினைத்து நான் முகம் வாடும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்பாய். டால்பின் என்கிறார்களே, அந்த ஓங்கில்கள் கூட்டமாக வந்து நெத்திலியைச் சுற்றிச் சுற்றி நெருக்கும், பிறகு ஒவ்வொன்றாக உள்ளே பாய்ந்து தின்னும் என்பேன். மேலேயிருந்து பறவைகள் விழும், அடியிலிருந்து திமிங்கலம் வாயைப் பிளந்துகொண்டு எழும் என்பேன்.

"போடி, புளுவாதே! அவ்ளோ பெரிய உருப்படி நெத்திலியப் போயி துன்னுமா?" என்று விழுந்து விழுந்து சிரிப்பாய்.

மழை பொய்த்த வருஷம் நடவும் இல்லை, கூலியும் இல்லை. நான் முழுகாமல் இருந்தேன். இருவரும் என் பிறந்த வீட்டுக்கே வந்தோம். சும்மா உட்கார்ந்து மாமனார் சோறு தின்ன உனக்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை. அப்பாவின் கட்டுமரத்தில் ஏறினாய். ஓங்கில் சுற்றும் இடத்தில் மீன் இருக்கும் என்று எங்கள் ஆட்கள் அதன் பின்னாலேயே போவார்கள். அப்பா உன்னிடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "ஓரமாவே வலைய வுடு, மாப்ளே. நடுவுல போவாதே. அது அதுங்க துன்ற எலை."

நீ தலையாட்டினாய். தலையாட்டுவதில் உன்னை மிஞ்ச ஆளுண்டா?

அன்று தண்ணீரே தெரியாதபடி நெத்திலி கொதித்ததாம். உங்கள் ஊரில் சித்திரையில் ஏரி வற்றினால் என்ன செய்வீர்கள்? நடுக்குட்டையில் குதித்து, சேற்றைக் கலக்கி, கூடை கூடையாக அள்ளுவீர்கள். முழங்கால் தண்ணீர்தானே! அந்தப் பழக்கம் உன்னை விடவில்லை. "மாமா, நம்ம ஏரி மாதிரியே கீது!" என்று கத்திக்கொண்டு, வலைக்கயிற்றைக் கையில் சுற்றியபடி குதித்துவிட்டாய். அப்பா போட்ட கூச்சல் உன் காதில் ஏறவில்லை. அடியிலிருந்து திமிங்கலம் எழுந்தது. அது உன்னைத் தொடக்கூட இல்லையாம். வாய்கொள்ளாமல் மீனை அள்ளியது, வலையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அமிழ்ந்தது. கயிறு உன் கையில் இருந்தது.

எத்தனை பேர் அதைச் சபித்தார்கள்! எனக்கு அதன்மேல் கோபமே வரவில்லை. அது பசிக்கு வந்தது, நீயும் பசிக்குத்தானே போனாய். என் கோபமெல்லாம் உன்மேல்தான். வயிற்றில் பிள்ளையோடு கரையில் நிற்கிறவளை ஒரு கணம் நினைத்திருக்கக் கூடாதா?

அந்தப் பிள்ளை இப்போது உன் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். போன வாரம் கேட்டாள்: "நைனா பயந்துக்கினாராம்மா?"

"இல்லடி. சிரிச்சிக்கினேதான் குதிச்சாராம். தாத்தா பாத்தாரு."

அவள் சமாதானமாகி விளையாடப் போய்விட்டாள். எனக்குத்தான் ஆறவில்லை. அந்த வருஷம் முழுக்க நீ சிரிக்கவேயில்லை. கடைசியில் ஒரே ஒரு முறை சிரித்தாய். அதையும் அப்பாதான் பார்த்தார். நான் பார்க்காத அந்தச் சிரிப்பைத்தான், பாவி மனுஷா, இன்றும் சுமந்துகொண்டிருக்கிறேன்.