பதினேழாம் எண் விடுபட்ட பட்டியல்

பிப்ரவரி 4, 2019

எழுபத்திரண்டில் மாஸ்கோவில், கடைசி முப்பத்து நாலு நொடி இருக்கையில் நம் கனடா ஆட்கள் ஐஸ் ஹாக்கியில் ரஷ்யர்களை வென்றார்களே, அந்தப் பருவம். அந்தக் குளிரில்தான் மர ஆலையின் கொதிகலன் வெடித்தது. மே மாதம் வரை ஏரி உருகவில்லை. எனக்கு அப்போது நாற்பது வயது. ஊர் ஹாக்கி அணிக்கு நான் கோச்.

எழுதுகிறவள் என் மகள் லெம்பி. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது. வெளியே கண் மங்கல் என்று பேர்.

இன்று அரங்கக் குழுச் செயலாளன் கீத் ஃபோன் செய்தான். அந்த வருட அணியின் படத்தை மார்ச் இரண்டாம் தேதி அரங்கத்தில் மாட்டுகிறார்களாம். கீழே ஒரு பலகை. வாசித்துக் காட்டினான்: "துணைக் கோச் ஆர்மண்ட் பட்டியலில் ஒரு பெயரை விட்டதால் கைநழுவிய கோப்பை."

"எப்படி இருக்கு கோச்?"

"அத எடுத்துடு" என்றேன். சிரித்தான்.

பிப்ரவரி 5

கோபமாக இருக்கிறேன் என்று மட்டும் போடு.

பிப்ரவரி 9

கடையில் ஒரு பெண் முட்டை எடுக்க மறந்துவிட்டாள். புருஷன்காரன் சொல்கிறான்: "என்னடி, ஆர்மண்ட் பண்ணிட்டியா?" அவனுக்கு முப்பது வயது இருக்கும். ஆர்மண்டைப் பார்த்துக்கூட இருக்க மாட்டான். ஆர்மண்ட் செத்து ஏழு வருடம்.

திரும்ப கீத்துக்கு ஃபோன்.

"விடுங்க கோச், அது ஊர் ஜோக்கு. பலகை செஞ்சு வந்தாச்சு. உங்களையா சொல்லியிருக்கு? நீங்க ஏன் துடிக்கிறீங்க?"

அதுதான் கேள்வி. பதில் வாயில் வந்து நின்றது. ஃபோனை வைத்துவிட்டேன். எண்பத்தாறு வயதில் இன்னும் என்ன பயம் எனக்கு?

பிப்ரவரி 16

லெம்பி, பேனாவைக் கீழே வைக்காதே.

ஆட்டத்துக்கு முன்னால் ஆடுகிறவர்களின் பட்டியலை நடுவரிடம் கொடுக்க வேண்டும். ஆர்மண்ட் எழுதுவான். எழுதி முடித்ததும் தன் பிழையைத் தானே பார்க்கிறவன் போல உரக்க வாசிப்பான். நான் காதால் சரிபார்த்துவிட்டுக் கீழே கையெழுத்து என்று ஒன்றைக் கிறுக்குவேன். ஆறு வருடம் இப்படித்தான். அவனுக்குத் தெரியுமா — நான் கேட்டதில்லை, அவன் சொன்னதில்லை.

இறுதி ஆட்டத்தன்று அவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. முந்தின ஆட்டத்தில் கத்திய கத்தல். வெறும் காற்றுதான் வந்தது. காகிதத்தை நீட்டி, "நீங்களே ஒரு தடவ பாத்துருங்க கோச்" என்றான். உடுப்பறையில் இருபது பேர். விரலை வரிவரியாக இறக்கினேன். தலையை ஆட்டினேன். கிறுக்கினேன். பெயருக்குப் பக்கத்தில் ஆட்டக்காரனின் எண் இருக்கும், எண்கள் எனக்குத் தெரியும். பதினேழு விடுபட்டதைக் கண்டிருக்கலாம். வாசிக்கிற மாதிரி நடிப்பதிலேயே புத்தி போய்விட்டது.

கடைசியான மூன்றாம் பகுதியில் பதினேழாம் எண் வாசில் கோல் போட்டான். மூன்றுக்கு இரண்டு, நாங்கள் முன்னால். எதிரணிக் கோச் ஹார்வி முதல் பகுதியிலேயே கண்டுபிடித்துவிட்டு, கோல் விழும்வரை வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறான், பாவி. அப்புறம் பட்டியலை நடுவரிடம் காட்டினான். பெயர் இல்லாதவன் போட்ட கோல் செல்லாது. கூடுதல் நேரத்தில் தோற்றோம்.

மறுநாள் அணியின் முதலாளி, "யாரு எழுதினது?" என்றார். ஆர்மண்ட் கையைத் தூக்கினான். கீழே இருந்த கையெழுத்து என்னுடையது; ஆனால் கோச்சுக்கு ஆயிரம் வேலை என்று அதை விட்டுவிட்டார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. அவனை அணியிலிருந்து நீக்கினார்கள், மர லாரி ஓட்டப் போனான். நான் இன்னும் பதினோரு வருடம் கோச். இரண்டு கோப்பை.

"கண்ணு சரியில்ல, கண்ணு சரியில்லன்னு உங்களுக்காக நானும் ஊரெல்லாம் பொய் சொன்னேனேப்பா" என்கிறாள் லெம்பி.

அதையும் எழுது.

பிப்ரவரி 20

ஆர்மண்டின் மனைவி ஓடெட்டுக்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"உங்களுக்குப் படிக்கத் தெரியாதுன்னு அவருக்கு மொத வாரத்துலயே தெரியும். அதனாலதானே சத்தமா வாசிப்பாரு. அவர் இருந்தப்ப ஏன் வரல?"

"பயம்மா."

"எனக்கு எம்பத்தஞ்சு. இப்பவும் கடைக்குப் போனா சிரிக்கிறாங்க. எங்கிட்ட என்னத்துக்குச் சொல்றீங்க? சிரிக்கிறவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

வைத்துவிட்டார்.

மார்ச் 3

நேற்று சொல்லிவிட்டேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு, நடு அரங்கத்தில், முந்நூறு பேர் முன்னால். படிக்கத் தெரியாது, பார்த்த மாதிரி நடித்தேன், பழியை அவன் தலையில் விட்டேன்.

முதலில் யாரோ ஒருவர் கை தட்டினார். அப்புறம் எல்லாரும். எழுந்து நின்று தட்டுகிறார்கள்! "எழுத்தே தெரியாம ரெண்டு கோப்பையா! என்ன மனுஷன்யா!" கீத் என்னைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறான். பலகையைக் கழற்றிவிட்டார்கள், புதிதாக என்னைப் பற்றி எழுதப் போகிறார்களாம். எனக்குத் தட்டாதீங்கடா என்று கத்தினேன். அதற்கும் தட்டினார்கள்.

மூன்றாவது வரிசையில் ஒருவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசில் செத்துவிட்டான். ஹார்வி போனான். நடுவர், முதலாளி, அந்த உடுப்பறையில் இருந்த அத்தனை பேரும் போய்விட்டார்கள். அந்தப் பட்டியல் யாரைத் தின்றது என்று உடனிருந்து கண்டவர்களில், என்னைத் தவிர உயிரோடு இருப்பது, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஓடெட் ஒருவர்தான்.